இடுப்பு மாற்றியாச்சு, வண்டி எப்போ எடுக்கலாம்?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் எப்படி நடப்பது, எப்படிப் படுப்பது என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் நடையைப் பற்றிக் கேட்டவர்கள் ரொம்பக் கம்மி. முக்கால்வாசிப் பேர் கேட்டது வண்டியைப் பற்றித்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் குடியிருந்துகொண்டு வண்டி இல்லாமல் எப்படி மேடம் பிழைப்பது என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். சரி, இந்த முறை முழுக்க அதுவே. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பிசியோதெரபிஸ்ட், ஆபரேஷன் செய்கிற டாக்டர் இல்லை. உங்கள் மூட்டைத் திறந்து பார்த்தவர் அவர்தான். அவர் சொன்னதும் நான் சொல்வதும் முட்டிக்கொண்டால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

கேள்வி: மேடம், எனக்கு வயது 58. பாலக்கோட்டில் தக்காளி வியாபாரம். வலது பக்க இடுப்பு மூட்டு மாற்றி ஏழு வாரம் ஆகிறது. டிஸ்சார்ஜ் செய்யும்போது ஆறு வாரம் கழித்துக் கார் ஓட்டலாம் என்றார்கள். ஆறு வாரம் முடிந்த அன்று காலையிலேயே சாவியைக் கேட்டேன், பையன் தரமாட்டேன் என்கிறான். என்னுடையது பழைய டீசல் கார், கியர் வண்டி. விடியற்காலையில் ராயக்கோட்டை மண்டிக்குப் போயாக வேண்டும். நன்றாகவே நடக்கிறேன், வெளியே போனால் மட்டும் கைத்தடி. டாக்டர் சொல்வது சரியா, பையன் சொல்வது சரியா?

பதில்: ஐயா, ரெண்டு பேரும் சரி. நீங்கள் டாக்டர் சொன்னதைப் புரிந்துகொண்ட விதம்தான் கொஞ்சம் இடிக்கிறது. ஆறு வாரத்துக்கு முன்னால் கேட்காதீர்கள் என்பதுதான் அவர் சொன்னதற்கு அர்த்தம். நாற்பத்து மூன்றாம் நாள் காலையில் கால் தானாகத் தயாராகி நிற்கும் என்று அவர் சொல்லியிருக்க மாட்டார்.

அந்த ஆறு வாரம் சும்மா வாய்க்கு வந்த கணக்கு இல்லை. வெட்டித் தைத்த தசையும் மூட்டைச் சுற்றியிருக்கிற உறையும் ஓரளவு பிடித்துக்கொள்ள அவ்வளவு நாள் வேண்டும். சிமெண்ட் இல்லாமல் பொருத்திய மூட்டு என்றால் எலும்பு வளர்ந்து அதைப் பற்றிக்கொள்ளத் தொடங்கவும் நாள் ஆகும். வலது இடுப்பு மாற்றியவர்கள் பிரேக்கை எவ்வளவு சீக்கிரம் மிதிக்கிறார்கள் என்று அளந்து பார்த்த ஆய்வுகள் உண்டு. ஆபரேஷனுக்கு முன்பிருந்த வேகம் பலருக்கும் நாலிலிருந்து ஆறு வாரத்தில் திரும்பிவிடுகிறது. ஆனால் இதில் ஒரு விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் நீங்கள் வருஷக்கணக்காக வலியோடு ஓட்டியிருப்பீர்கள், அப்போதே கால் மந்தமாகத்தான் இருந்திருக்கும். அந்த மந்தமான வேகத்துக்குத் திரும்பிவிட்டேன் என்று சந்தோஷப்பட என்ன இருக்கிறது?

நன்றாக நடக்கிறேன் என்கிறீர்கள். நடக்கும்போது அடுத்த அடியை எங்கே வைக்கப் போகிறோம் என்று காலுக்கு முன்கூட்டியே தெரியும். பிரேக் அப்படியா? மாரண்டஅள்ளி ரோட்டில் ஒரு ஆடு குறுக்கே பாயும்போது தொடையைச் சட்டென்று தூக்கி, நகர்த்தி, முழு பலத்தோடு அழுத்த வேண்டும். யோசித்துச் செய்கிற காரியம் இல்லை அது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு நொடியில் பதினாறு மீட்டருக்கு மேல் போய்விடும். உங்கள் கால் அரை நொடி தயங்கினால் எட்டு மீட்டர், கிட்டத்தட்ட ஒரு லாரி நீளம்.

எங்கள் அண்ணன் கதையைச் சொல்கிறேன். அவருக்கும் வலது இடுப்புதான். நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் ஐந்தாவது வாரம் காரை எடுத்துக்கொண்டு தர்மபுரி நாலு ரோட்டுப் பக்கம் போயிருக்கிறார். முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆளை ஏற்றப் பொசுக்கென்று நின்றது. அண்ணன் பிரேக்கை மிதித்தார், ஆனால் பாதிதான் மிதித்தார். பம்பர் போனது, நல்லவேளை ஆளுக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, "வலிக்கலை பாப்பா, வலிக்குமோன்னு கால் நின்னு போச்சு" என்றார். எத்தனையோ பேருக்குப் பயிற்சி கொடுத்த எனக்கு இதை இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. ஓட்டத் தயாரா என்று பார்க்கும்போது நான் காலண்டரை அப்புறம்தான் பார்ப்பேன், அந்தத் தயக்கம் போயிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம். காரை வாசலில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டு உட்காருங்கள். சாவி பையனிடமே இருக்கட்டும், அவருக்கும் நிம்மதி. அவரைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, சொல்லாமல் கொள்ளாமல் கை தட்டச் சொல்லுங்கள். தட்டுகிறபோதெல்லாம் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டும். இருபது தடவை. ரெண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல் மாதிரி இறுகும், பயப்படாதீர்கள், என்ஜின் ஓடாதபோது அது அப்படித்தான், உங்கள் பலத்தைப் பார்க்க அதுவும் நல்லதுதான். இருபதாவது தடவையும் முதல் தடவை மாதிரியே இருந்ததா? தொடை மடிப்பிலோ பிட்டத்திலோ சுருக்கென்று பிடித்ததா? கீழே குனிந்து பெடலைத் தேடினீர்களா? பையன் உண்மையைச் சொல்வார், உங்களைவிட அவர் நம்பகமான சாட்சி.

இன்னொன்று. நம்மில் பலர் குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு பாதத்தை மட்டும் திருப்பி ஆக்சிலேட்டரிலிருந்து பிரேக்குக்குப் போவோம். வலது காலுக்கு அது உள்பக்கம் திரும்புகிற அசைவு. பின்பக்கமாகக் கீறிச் செய்த ஆபரேஷன் என்றால் காலை உள்பக்கம் திருப்பாதே, இடுப்பைத் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடக்காதே, கால் மேல் கால் போடாதே என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அந்தக் கட்டுப்பாடு முடிகிற வரைக்கும் முழுக் காலையும் தூக்கி வைத்துப் பழகுங்கள். சீட் பள்ளமாக இருந்தால் கெட்டியான மெத்தை ஒன்று போட்டு, முழங்கால் இடுப்பைவிட மேலே போகாத மாதிரி உட்காருங்கள். புதைகிற பஞ்சு மெத்தை வேண்டாம், வழுக்குகிற துணியும் வேண்டாம்.

கைத்தடி விஷயத்துக்கு வருகிறேன். தடி இல்லாமல், ஒரு பக்கம் சாயாமல் தெருமுனை வரைக்கும் போய் வர முடியாதவர் வலது இடுப்போடு கியர் வண்டி ஓட்டக் கூடாது என்பது என் சொந்தச் சட்டம். சாய்கிறீர்கள் என்றால் இடுப்பின் பக்கவாட்டுத் தசை இன்னும் தேறவில்லை. அதனால் இன்னும் ஒன்றிரண்டு வாரம் பையன் பக்கம்தான் தீர்ப்பு. அதற்கப்புறம் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, சந்தை கூடாத நாளில் காலியாகக் கிடக்கிற மைதானத்தில் இருபது முப்பது வேகத்தில் ஓட்டி, சடன் பிரேக் போட்டுப் பாருங்கள். அப்புறம் பகலில் ஊருக்குள். ராயக்கோட்டையும் விடியற்காலை இருட்டும் அதற்கும் அப்புறம். தொப்பூர் கணவாய் இறக்கம் எல்லாவற்றுக்கும் கடைசி. லாரிகளுக்கு நடுவில் நெடுக பிரேக்கில் கால் வைத்தபடி இறங்குகிற ரோடு அது, புது மூட்டை அங்கே கொண்டுபோய்ப் பரிசோதிக்க வேண்டாம். மண்டியில் தக்காளி கிரேட்டைத் தூக்க மாட்டேன் என்றும் பையனிடம் சத்தியம் செய்து கொடுங்கள்.

அப்புறம் மாத்திரை. டிரமடால் மாதிரி வலி மாத்திரை ராத்திரி போட்டால் விடியற்காலையிலும் கிறக்கம் இருக்கும். அதை நிறுத்தாத வரைக்கும் ஸ்டியரிங் பக்கமே போகக் கூடாது, வலி இல்லை என்று நீங்கள் நினைத்தாலும்.

கேள்வி: அம்மா, நான் காவேரிப்பட்டணம். என் வீட்டுக்காரருக்கு 49 வயது, இடது இடுப்பு எலும்பு ரத்த ஓட்டம் இல்லாமல் செத்துப் போச்சு என்று மூட்டை மாற்றினார்கள். பத்தாவது வாரம் நடக்கிறது. நான் அசந்த நேரம் பார்த்து பைக்கை எடுத்துக்கொண்டு மாந்தோப்புக்குப் போகிறார். கேட்டால், வேணும்னா நீ பின்னாடி உட்கார்ந்து பிடிச்சுக்கோ என்கிறார். நான் என்ன செய்ய?

பதில்: பின்னால் உட்காராதீர்கள். ரெண்டு பேரும் சேர்ந்து விழுவீர்கள்.

காரில் உட்காரத் தெம்பு வந்துவிட்டால் பைக்குக்கும் வந்துவிட்டது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ரெண்டும் வேறு வேறு. பைக்கில் ஏறும்போது இடது காலில் மட்டும் நின்று வலது காலைச் சுழற்றிப் போடுகிறார், அந்த ஒரு நொடி முழு உடம்பும் புது மூட்டின் மேல்தான். சிக்னலில் நின்றால் ஊன்றுவதும் அதே இடது கால். கியர் மாற்றுவதும் அதே. தோப்புப் பாதையில் சக்கரம் மணலில் வழுக்கினால் பட்டென்று ஊன்றப் போவதும் அதுதான். விழுந்தால் மூட்டு நழுவலாம். அதைவிட மோசம், உள்ளே இறக்கியிருக்கிற கம்பியைச் சுற்றித் தொடை எலும்பு முறிவது. அதைச் சரிசெய்வது முதல் ஆபரேஷனைவிடப் பெரிய வேலை.

மூன்று மாதத்துக்கு முன்னால் இரு சக்கர வண்டிப் பேச்சே வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குப் பிறகும் டாக்டர் எக்ஸ்ரே பார்த்துச் சரி என்றால்தான். அவர் வயதுக்குச் சும்மா வீட்டில் உட்கார் என்றால் கேட்க மாட்டார், அது எனக்கும் தெரியும். ஒற்றைக் காலில், அதாவது ஆபரேஷன் செய்த காலில், எதையும் பிடிக்காமல் பத்து எண்ணுகிற வரை நிற்கச் சொல்லிப் பாருங்கள், அவர் பக்கத்திலேயே நீங்கள் நின்றுகொண்டு. ஆடினால் அவருக்கே புரியும். நாள் வந்த பிறகு டி.வி.எஸ். எக்ஸ்.எல். மாதிரிக் காலைத் தூக்கிப் போடாமல் ஏறுகிற வண்டியில் ஆரம்பிக்கட்டும். சென்டர் ஸ்டாண்டு போடுகிற வேலையை வேறு யாராவது செய்யட்டும்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இதையும் நிறையப் பெண்கள் கேட்கிறார்கள். இடுப்பு மாற்றிய பெண்கள் பின்சீட்டில் ஒரு பக்கமாக உட்கார்ந்து போவதும் கூடாது. இடுப்பு மடிந்து, முறுகி, பிடிக்க ஒன்றும் இல்லாமல் உட்காருகிற உட்காரல் அது. டவுன் பஸ்ஸில் போங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில்.

கேள்வி: ஓசூரில் வேலை. இடது இடுப்பு மாற்றி மூன்று வாரம். என் கார் ஆட்டோமேட்டிக். இடது காலுக்குத்தான் வேலையே இல்லையே, நாளைக்கே ஓட்டலாமா?

பதில்: இந்தக் கடிதங்களிலேயே அதிர்ஷ்டக்காரர் நீங்கள்தான். உங்களைப் போன்றவர்களை மற்றவர்களைவிட முன்னாடியே ஓட்ட விடுகிற டாக்டர்கள் உண்டு. ஆனால் நாளைக்கு வேண்டாம், நாளைக்கு டாக்டருக்கு போன் போடுங்கள். மயக்கம் தருகிற வலி மாத்திரை நின்றிருக்க வேண்டும், யார் கையையும் பிடிக்காமல் ஏறி இறங்க வேண்டும், அரை மணி நேரம் நெளியாமல் உட்கார வேண்டும். நடுரோட்டில் வண்டி நின்றுபோனால் இறங்கித் தள்ளவோ டயர் மாற்றவோ உங்களால் முடியாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும், கூட ஒருவர் வரட்டும்.

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. பெங்களூரில் ஆபரேஷன் செய்து கிருஷ்ணகிரிக்குக் கூட்டி வந்துவிட்டோம். தையல் பிரிக்க மறுபடி போக வேண்டும். போன தடவை பின்சீட்டில் நீட்டிப் படுக்கவைத்துக் கூட்டி வந்தோம், வழி முழுக்க அழுதார். என் வீட்டுக்காரரின் கார் ரொம்பத் தாழ்வு. என்ன செய்யலாம்?

பதில்: அழாமல் என்ன செய்வார், பாவம். பின்சீட்டின் நீளத்துக்குள் படுக்க வேண்டுமென்றால் காலை மடக்கியே ஆக வேண்டும், பெல்ட்டும் போட முடியாது, ஒரு பிரேக் போட்டால் உருண்டு விழுவார். முன்சீட்டுதான் அவருக்கு. ரொம்பத் தாழ்வான கார் ஆகாது, காலைத் தூக்கி ஏற வேண்டிய பெரிய ஜீப்பும் ஆகாது. நடுத்தர உயரத்தில் தெரிந்தவர் யாரிடமாவது கார் இருந்தால் அன்று ஒரு நாள் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் உங்கள் காரிலேயே கெட்டி மெத்தை போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள்.

ஏற்றுவதற்கு முன்னால் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, முதுகைக் கொஞ்சம் சாய்த்துவிடுங்கள். சீட்டின் மேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவர் விரியுங்கள். வண்டியைத் திண்ணை ஓரம், சாக்கடை ஓரம் நிறுத்தாமல் சமதரையில் நிறுத்துங்கள். அம்மா காருக்கு முதுகைக் காட்டி நின்று, சீட் காலில் இடிக்கிற வரை பின்னால் வந்து, ஆபரேஷன் செய்த காலை முன்னால் நீட்டிக்கொண்டு மெதுவாக உட்கார வேண்டும். தலையில் இடிக்காமல் நீங்கள் கை வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து, அப்புறம் ரெண்டு காலையும் உடம்பையும் சேர்த்து ஒரே திருப்பாக உள்ளே கொண்டுவர வேண்டும். பிளாஸ்டிக் கவர் இருந்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். காலை மட்டும் பிடித்து இழுத்து உள்ளே வைக்கிறேன் என்று யாரும் உதவிக்கு வராதீர்கள், மூட்டு முறுகுவது அங்கேதான். உட்கார்ந்த பிறகு கவரை உருவிவிட வேண்டும், இல்லையென்றால் பிரேக் போடும்போதும் வழுக்குவார்.

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் ஏறக்குறைய 90 கிலோமீட்டர், ஓசூர் தாண்டிய பிறகு எவ்வளவு நேரம் என்று கடவுளுக்குத்தான் தெரியும். மணிக்கு ஒரு தரம் நிறுத்தி, இறக்கி, நாலு அடி நடக்கவிடுங்கள். உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு காலில் ரத்தம் உறைகிற ஆபத்து பல வாரம் இருக்கும், அசையாமல் உட்கார்ந்தால் அது கூடும். கெண்டைக்கால் வீங்கிச் சூடாகி வலித்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், உடனே 108. திடீரென்று தாங்க முடியாத வலி வந்து, கால் குட்டையாகி உள்பக்கம் திரும்பிக்கொண்டாலும் அப்படித்தான், அது மூட்டு நழுவியதற்கு அடையாளம். நீங்களே இழுத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

கேள்வி: காரிமங்கலம் பக்கம். 44 வயது, லாரி டிரைவர். வலது இடுப்பு மாற்றி மூன்று மாதம். ஓனர் கூப்பிடுகிறார். லைசென்ஸுக்குப் பிரச்சினை வருமா?

பதில்: தம்பி, இடுப்பு மாற்றினால் லைசென்ஸ் போய்விடாது. லாரி லைசென்ஸை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிறீர்கள் இல்லையா, அப்போது படிவம் 1-ஏ என்று டாக்டர் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். டாக்டரிடம் ஆபரேஷனை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அதற்கு முன்னாலேயே, ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கனரக வண்டி ஓட்டலாம் என்று தேதி போட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு இடம் கொடுக்காது என்று தெரிந்தும் ஆபத்தாக வண்டி ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 186-ம் பிரிவில் குற்றம். முதல் தடவை 1000 ரூபாய் வரை அபராதம். அபராதம் சின்னதுதான், ஆனால் விபத்து என்று ஆகி இன்ஷூரன்ஸ்காரன் கேள்வி கேட்கும்போது அந்த ஒரு சீட்டு உங்கள் பக்கம் பேசும்.

எனக்கு உங்கள் ஓட்டுவதைவிட ஏறுவதும் இறங்குவதும்தான் கவலை. கேபினிலிருந்து குதிக்காதீர்கள். வண்டியைப் பார்த்தபடி, ரெண்டு கையும் பிடித்துக்கொண்டு, படி படியாக இறங்குங்கள். தார்ப்பாய் கட்ட லோடு மேல் ஏறுகிற வேலை கிளீனருக்கு. முதல் மாதம் ராத்திரி லைன் வேண்டாம், கிட்டத்து லோடாகக் கேளுங்கள். ஓனர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்த வண்டிக்குப் போகாதீர்கள், இதைச் சொல்வது எனக்குச் சுலபம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

கேள்வி: பென்னாகரம் மேடம். அப்பாவுக்கு 63. சின்ன வயதிலிருந்து போர் தண்ணீர் குடித்து ஃப்ளோரோசிஸ். இடுப்பு மாற்றிய பிறகு நடை நன்றாக ஆகிவிட்டது, கார் ஓட்டலாம் என்கிறார்கள். ஆனால் ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் தடுமாறுகிறார். இடுப்பில் ஏதாவது கோளாறா?

பதில்: கோளாறு இடுப்பில் இருக்காது என்று நினைக்கிறேன், கழுத்தைப் பாருங்கள். எலும்பில் ஃப்ளோரைடு ஏறியவர்களுக்குக் கழுத்தும் முதுகும் விறைத்துப் போகும். நம் மாவட்டத்தில் இது புதுசு இல்லை, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் இருக்கிறது. இடுப்பை மாற்றலாம், கழுத்தை மாற்ற முடியாதே. நேராக உட்காரவைத்து ரெண்டு தோளுக்கும் மேலாகத் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். திரும்பவில்லை என்றால் பெரிய சைடு கண்ணாடி, பின்னால் கேமரா எல்லாம் கொஞ்சம் உதவும். ஒகேனக்கல் மலைப்பாதை வளைவுகளில் மட்டும் வேறு யாராவது ஓட்டட்டும்.

கேள்வி: தர்மபுரி டவுன். எனக்கு 52 வயது. அவருக்கு ஆபரேஷன் ஆன பிறகு வேறு வழியில்லாமல் நான் கார் கற்றுக்கொள்கிறேன், எல்.எல்.ஆர். போட்டாச்சு. வீட்டுக் காரில் பழகும்போது இவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கத்துகிறார், கத்தும்போது இல்லாத பிரேக்கைக் காலால் மிதிக்கிறார். அவர் இடுப்புக்கு அது கெடுதலா?

பதில்: கெடுதல்தான், திடீர் திடீரென்று உதைக்கிற பயிற்சியை நான் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. பின்சீட்டுக்கு மாற்றலாம் என்றால் காலை நீட்ட இடம் இருக்காது. முன்சீட்டில் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் உட்காரட்டும், இவர் வீட்டில் உட்கார்ந்து டீ குடிக்கட்டும். எல்.எல்.ஆர். போட்ட தேதியிலிருந்து முப்பது நாள் கழித்து நீங்கள் டெஸ்ட்டுக்குப் போகலாம். அவர் கால் தேறுவதற்கு முன்னால் உங்கள் கையில் லைசென்ஸ் இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.